ஒரு மேசை, இரண்டு மொழி: லண்டனில் ஓர் அறுப்பின் பண்டிகை

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யார் கையில் மடிக்கணினி இருக்கிறதோ அவர் தலையில் பொறுப்பு விழும். சென்ற ஆண்டு ஆகஸ்டில் அது என் தலையில் விழுந்தது. அக்டோபர் முதல் ஞாயிறன்று ஆங்கிலச் சபையாரும் நாங்களும் சேர்ந்து அறுப்பின் பண்டிகை ஆராதனை நடத்துவதென்று முடிவாகியிருந்தது. "ஆராதனை முறைமையை நீங்களே தயார் பண்ணிருங்க தம்பி, நீங்கதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே" என்றார் சபைச் செயலர். பொறியியலில் முதுகலை முடித்துவிட்டுப் பன்னிரண்டு வருடங்களாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். இறையியல் படித்தவனில்லை. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தின் நிழலில் வளர்ந்தவன் என்பதைத் தவிர இந்த வேலைக்கு வேறு தகுதி எனக்குக் கிடையாது. ரேனியஸ் 1826இல் கட்டிய அந்தக் கோவிலில் மணியடித்தால் ஆராதனை தானாக நடக்கும் என்றுதான் சிறுவயதில் நினைத்திருந்தேன். அது தானாக நடப்பதில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு முப்பத்தைந்து வயதாக வேண்டியிருந்தது.

அந்த இரண்டு மாதங்களில் படித்ததையும் கேட்டதையும் பட்டதையும் இங்கே தொகுத்து எழுதுகிறேன். கிறிஸ்தவரல்லாத வாசகர்களும் படிக்கலாம். கோவில் திருவிழாவோ தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழாவோ, அயல்நாட்டில் நம்மவர்கள் கூடும் எந்த இடத்திலும் இதே கேள்விகள்தாம் வருகின்றன. எந்த மொழியில் பேசுவது? யாருக்காக நடத்துவது? பக்கத்து வீட்டுக்காரர் நமக்கு யார்?

மாலை மூன்று மணிச் சபை

நாங்கள் கிழக்கு லண்டனில், இங்கிலாந்துத் திருச்சபைக்குச் சொந்தமான ஒரு பழைய கோவிலில் கூடுகிறோம். காலை பத்தரைக்கு ஆங்கில ஆராதனை. மாலை மூன்றுக்குத் தமிழ் ஆராதனை. அறுபது குடும்பங்கள். பாதிப்பேர் 1983 கலவரத்துக்குப் பிறகு வெவ்வேறு ஆண்டுகளில் வந்து சேர்ந்த ஈழத்தமிழர்கள். மீதிப்பேர் என்னைப்போல வேலைக்கும் படிப்புக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். காலைச் சபையில் முப்பது பேர் இருந்தால் அதிகம். வெள்ளைக்கார முதியவர்கள், கரீபியன் தீவுக்காரர்கள், இரண்டு நைஜீரியக் குடும்பங்கள். பல வருடங்களாக அவர்கள் கதவைப் பூட்டும் நேரத்தில் நாங்கள் திறப்போம். தேநீர்க் கோப்பைகளைக் கழுவி வைப்பதில் மட்டும் அவ்வப்போது மனத்தாங்கல் வரும். மற்றபடி ஒரே கூரையின் கீழ் இரண்டு குடித்தனம்.

இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபை, நாட்டின் ஒவ்வோர் அங்குலத்தையும் ஏதாவதொரு பங்கின் எல்லைக்குள் வைத்திருக்கிறது. அந்த எல்லைக்குள் குடியிருக்கும் அனைவருமே, எந்த மதத்தவராயினும் மதமே இல்லாதவராயினும், குருவானவரின் பொறுப்புக்கு உட்பட்டவர்கள். நமக்குப் பழக்கப்பட்ட சபைக் கணக்கு வேறு. சந்தா கட்டி, பதிவேட்டில் பெயர் உள்ளவரே சபையார். மேனர் பார்க்கில் சர்ச் ரோடு என்று ஒரு தெரு உண்டு. லண்டன் ஸ்ரீமுருகன் கோவில் இருப்பது அந்தத் தெருவில்தான். அங்கே காவடி எடுக்கிறவரும் பங்குக் கணக்கின்படி ஏதோ ஒரு குருவானவரின் அக்கறைக்கு உரியவர். இந்த எண்ணம் எனக்கு முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. எங்கள் சபைக்கு அக்கறையின் எல்லை தமிழ் பேசுகிறவர்களோடு முடிந்துவிட்டிருந்தது.

ஆராதனைக்கு நான்கு அறைகள்

நான் செய்த முதல் வரைவு படுதோல்வி. இரண்டு சபையும் சமமாக நடத்தப்பட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை வைத்தேன். தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை. நேரத்தைக் கூட்டிப்பார்த்தால் இரண்டு மணி நாற்பது நிமிடம். நம்மவர்கள் தாங்குவார்கள். காலைச் சபையின் மூட்டுவலிக்காரர்கள் தாங்கமாட்டார்கள். எங்கள் ஐயர் (திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. போதகரை 'ஐயர்' என்பதே வழக்கு, சாதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஆராதனை ஒரு வீடு மாதிரி. நாலு அறை உண்டு. நீ ஒவ்வொரு அறையிலயும் ரெண்டு கட்டில் போட்டிருக்க" என்றார்.

அந்த நான்கு அறைகள் இவை. முதலாவது கூடிவருதல்: வணக்கம், ஆரம்பப் பாடல், பாவ அறிக்கை. இரண்டாவது வசனம்: வேதவாசிப்புகள், பிரசங்கம், விசுவாசப் பிரமாணம், மன்றாட்டு. மூன்றாவது பந்தி: சமாதானம் பகிர்தல், காணிக்கை, திருவிருந்து. நான்காவது அனுப்பப்படுதல்: ஆசீர்வாதம், வெளியே போகும் பாடல். ரோமன் கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், லுத்தரன் எனப் பெயர்கள் மாறினாலும் பழைய திருச்சபைகளின் ஞாயிறு வழிபாடு ஏறக்குறைய இந்த வரிசையில்தான் செல்கிறது. இங்கிலாந்துத் திருச்சபை 2000ஆம் ஆண்டு முதல் பயன்படுத்திவரும் 'காமன் வொர்ஷிப்' நூலும் இதையே அடித்தளமாகக் கொண்டது. 1662ஆம் ஆண்டின் பழைய பொது ஜெபப் புத்தகமும் இன்றுவரை வழக்கில் இருக்கிறது.

வாசிப்புகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. மூன்றாண்டுச் சுழற்சியில் அட்டவணை இருக்கிறது. முதலாண்டு மத்தேயு, இரண்டாமாண்டு மாற்கு, மூன்றாமாண்டு லூக்கா. யோவான் மூன்றிலும் பரவி வருவார். ஆண்டின் தொடக்கம் ஜனவரி அல்ல, கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்காம் ஞாயிறு. மென்பொருள்காரனுக்கு இந்த அட்டவணையைக் கண்டதும் ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லத் தேவையில்லை. போதகர் தமக்குப் பிடித்த ஐந்து அதிகாரங்களையே வருடம் முழுக்கச் சுற்றிவருவதை இது தடுக்கிறது. கடினமான பகுதியும் ஒருநாள் வந்தே தீரும்.

இரண்டாவது வரைவில் மொழிபெயர்ப்பை அடியோடு நீக்கினேன். ஒரு வாசிப்பு தமிழில் மட்டும், அடுத்தது ஆங்கிலத்தில் மட்டும். அச்சிட்ட தாளில் மட்டும் இரண்டும் அருகருகே. புரியாத மொழியைப் பத்து நிமிடம் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருப்பதுகூட வழிபாட்டின் ஒரு பகுதிதான். எங்கள் அம்மாக்கள் இந்த நாட்டில் அதை மருத்துவமனையிலும் பள்ளிக்கூடத்திலும் வருடக்கணக்காகச் செய்திருக்கிறார்கள். ஒரு ஞாயிறு மற்றவர்கள் செய்தால் என்ன?

கைகுலுக்கலின் கதை

கூட்டுக் குழுவில் காலைச் சபையின் மூத்த நிர்வாகி ஒருவர் இருந்தார். எண்பது வயதுக்காரர். சமாதானம் பகிரும் இடம் வந்ததும் அவர் சொன்னார்: "என் அப்பாவுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. கோவிலில் பக்கத்தில் நிற்பவனோடு கைகுலுக்குவதா என்பார். எங்கிருந்துதான் இந்தப் பழக்கம் வந்ததோ!"

எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனபோது கிடைத்த விடை என்னைத் திகைக்க வைத்தது. நம் ஊரிலிருந்து வந்தது.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., பிறந்தது. ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், ஏற்கெனவே 1908இல் ஒன்றாகியிருந்த பிரெஸ்பிட்டேரியன் மற்றும் காங்கிரகேஷனல் மரபினர் எல்லோரும் ஒரே சபையானார்கள். ஆயர்கள் உள்ள சபையும் ஆயர்களே கூடாது என்ற சபையும் இப்படி இணைந்தது உலகத் திருச்சபை வரலாற்றில் புதுமை. இணைந்தபின் எழுந்த முதல் சிக்கல் என்னுடையதைப் போன்றதுதான்: எந்த முறைமையில் ஆராதிப்பது? லெஸ்லி பிரவுன் தலைமையிலான குழு ஒரு புதிய திருவிருந்து முறைமையைத் தயாரித்து 1950இல் வெளியிட்டது.

அதில் சில மாற்றங்கள் இருந்தன. குருவானவர் சபைக்கு முதுகைக் காட்டாமல் மேசைக்குப் பின்னால் சபையாரைப் பார்த்து நின்றார். பழைய ஏற்பாட்டு வாசிப்புக்குத் தனி இடம் கிடைத்தது. சபையார் சொல்லும் பதில்கள் கூடின. கேரளச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒரு வழக்கமும் சேர்ந்தது: குருவானவரிடம் தொடங்கி, ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கென்று சமாதானம் சபை முழுக்கக் கடந்துபோகும். வலது உள்ளங்கையை எதிரிலிருப்பவரின் வலது உள்ளங்கையோடு சேர்த்து, இடக்கையால் மூட வேண்டும். இந்த முறைமையை உலகெங்கும் வழிபாட்டு அறிஞர்கள் கூர்ந்து படித்தார்கள். 1960களிலும் 70களிலும் இங்கிலாந்துத் திருச்சபை தன் வழிபாட்டைத் திருத்தியபோது அதற்கு இருந்த முக்கியமான முன்மாதிரிகளில் சி.எஸ்.ஐ. முறைமையும் ஒன்று.

அடுத்த கூட்டத்தில் இதை அந்த மூத்த நிர்வாகியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்படியானால் என் அப்பா கோபப்பட்டது உங்கள் மீதுதான்" என்றார். பிறகு, "அன்றைக்கு நீங்களே எங்களுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுங்கள், இரண்டு கையாலும்" என்றார். வருடக்கணக்காகக் கடன் வாங்கிய இடத்தில் தொழுகிறோம் என்று கூச்சப்பட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு, இந்த வீட்டுச் சாமான்களில் ஒன்று நம்முடையது என்று தெரிந்தபோது வந்த உணர்ச்சியைச் சொல்லில் வைப்பது கஷ்டம்.

நியூபிகின் திரும்பி வந்தது

சி.எஸ்.ஐ.யின் முதல் ஆயர்களில் ஒருவர் லெஸ்லி நியூபிகின் (1909–1998). 1936இல் இந்தியா வந்தவர், காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்தவர், தமிழை நன்றாகக் கற்றவர். 1947 முதல் மதுரை–இராமநாதபுரம் ஆயர், 1965 முதல் 1974 வரை சென்னை ஆயர். அதன்பின் இங்கிலாந்து திரும்பினார். திரும்பியவர் ஓய்வெடுக்கவில்லை. எழுபது வயதுக்குமேல் பர்மிங்காமில் வின்சன் கிரீன் என்ற ஏழைப் பகுதியில், சிறைச்சாலைக்கு அருகே இருந்த ஒரு சிறிய சபையைப் பொறுப்பேற்றார். மூடிவிடலாம் என்று மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்த சபை அது. இந்தியாவின் வறுமையிலும் நம்பிக்கையைக் கண்டவருக்கு, இங்கிலாந்தில் நம்பிக்கை வற்றிப்போயிருந்ததுதான் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. அவருடைய பிற்காலப் புத்தகங்களெல்லாம் அந்த அதிர்ச்சியிலிருந்து பிறந்தவை. 1989இல் வந்த புகழ்பெற்ற நூலில் ஒரு கருத்தை வலியுறுத்துகிறார்: சுவிசேஷம் உண்மையா என்று ஊரார் பார்ப்பது வாதங்களை வைத்தல்ல, அதை நம்பி வாழும் ஓர் உள்ளூர்ச் சபையை வைத்துத்தான்.

பிரசங்கமாகக் கேட்டால் இது இனிமையான வாக்கியம். செயல்படுத்தப் போனால் அடிவயிற்றைக் கலக்குகிறது. எங்களை வைத்து ஊரார் என்ன முடிவுக்கு வருவார்கள்?

பாட்டு

இரண்டு சபைகளை ஒன்றாக்க மிக எளிய வழி பாட்டுதான். நம் சபைகளில் இரண்டு வகைப் பாட்டு உண்டு. ஒன்று பாமாலை: ஆங்கில, ஜெர்மானிய ஞானப்பாட்டுகளின் தமிழாக்கம், பெரும்பாலும் அதே மெட்டு. இன்னொன்று கீர்த்தனை: கர்நாடக இராகத்தில், பல்லவி, அனுபல்லவி, சரணத்தோடு வருவது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து வரும் சொத்து இது. பாமாலையில் ஒரு வசதி இருக்கிறது. மெட்டும் அடிக்கணக்கும் ஒன்றே என்பதால், அவர்கள் ஆங்கிலத்திலும் நாங்கள் தமிழிலும் ஒரே நேரத்தில் பாடலாம். யாரும் காத்திருக்க வேண்டாம். ஆர்கன்காரருக்கும் குழப்பமில்லை. கீர்த்தனையில் பல்லவியை மட்டும் ஆங்கில எழுத்தில் அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்தோம். சரணம் எங்களுக்கு, பல்லவி எல்லோருக்கும். நான்காவது முறை பல்லவி வரும்போது கரீபியன் அம்மாக்கள் எங்களைவிடச் சத்தமாகப் பாடினார்கள்.

இலக்கிய ஆர்வமுள்ளவர்களுக்கு இன்னொரு தகவல். என் அலுவலகம் ஓல்ட் ஸ்ட்ரீட் பக்கம். மதிய உணவுக்குப் பலநாள் பன்ஹில் ஃபீல்ட்ஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போவேன். ஜான் பன்யனின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. 1678இல் வெளிவந்த அவருடைய நூலைத் தழுவித்தான் எங்கள் ஊர்க்காரரான எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' எழுதினார். 1894இல் வெளியானது. கம்பனைக் கரைத்துக் குடித்த ஒரு வைணவக் குடும்பத்துப் பிள்ளை, பன்யனின் பயணியைத் தமிழ் விருத்தத்தில் நடக்கவிட்டது எவ்வளவு பெரிய காரியம்! மொழிபெயர்ப்பு என்பது வரிக்கு வரி சொல்வதல்ல, மறுபடி பிறக்கவைப்பது என்பதை அந்தக் கல்லறைக்குப் பக்கத்து பெஞ்சில் ரொட்டி தின்றுகொண்டே புரிந்துகொண்டேன்.

வேதவாசிப்பில்தான் சங்கடம். நாங்கள் மனப்பாடமாகச் சொல்லும் வேதாகமத்தின் மொழி, 1871ஆம் ஆண்டுத் திருப்புதலின் மொழி. பெரியவர்களுக்கு அது தேன். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கோ மூன்றாவது அந்நிய மொழி. கத்தோலிக்கரும் மற்றவரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த திருவிவிலியம் எளிதாக இருக்கும் என்றேன். "அது நம்ம வேதம் மாதிரி இல்லையே" என்றார்கள். ஒரு வாசிப்பு பழையது, ஒன்று புதியது என்று சமரசம் ஆயிற்று.

"எந்த அறுப்பு, தம்பி?"

அறுப்பின் பண்டிகை ஆதிகாலத்து வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்துக் கோவில்களில் அது இன்றைய வடிவத்தில் பரவக் காரணமானவர் கார்ன்வால் மாவட்டத்து மார்வென்ஸ்டோ என்ற கடலோர ஊரின் குருவானவர் ராபர்ட் ஹாக்கர். ஆண்டு 1843. மிஷனரிகள் வழியாக நமக்கும் வந்து, நம் ஊரில் வேறு உருவெடுத்தது. வாழைத்தாரும் பூசணியும் கோழியும் ஆட்டுக்குட்டியும் கோவிலுக்கு வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். பத்து ரூபாய்ப் பூசணிக்காய் ஆயிரத்துக்குப் போகும். இங்கிலாந்திலோ வயலே பார்க்காத நகரத்துச் சபைகள் டின்னில் அடைத்த பீன்சைக் கொண்டுவந்து பீடத்தின்முன் அடுக்கி, பிறகு உணவு வங்கிக்கு அனுப்புகின்றன. நான் இரண்டையும் சேர்த்து ஒரு பட்டியல் போட்டேன். டின்கள் காலைச் சபைக்கு, ஏலம் எங்களுக்கு. நல்ல திட்டம்தானே?

மாதர் சங்கக் கூட்டத்தில் அதை வாசித்தேன். முல்லைத்தீவுப் பக்கத்து அக்கா ஒருவர், அறுபது வயதிருக்கும், கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"அறுப்பு எண்டு சொல்லுறீங்கள், தம்பி. எந்த அறுப்பு? எங்கட வயலுக்கை ஆமிக்காம்ப் கிடக்கு. நான் எதைக் கொண்டுவந்து வைக்கிறது? டின்னையோ?"

யாரும் பேசவில்லை. அவர் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குக் கேட்பவரைப் போலச் சாதாரணமாகத்தான் கேட்டார். என் அட்டவணையில் அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை.

வியாழக்கிழமை வரிசை

இன்னொன்றும் அந்த வாரமே நடந்தது. பிரிட்டனில் ட்ரஸ்ஸல் அமைப்பு தன் முதல் உணவு வங்கியை 2000இல் சாலிஸ்பரி நகரில் தொடங்கியது. இன்று நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் உணவு வங்கிகள் நடக்கின்றன. பல, கோவில் மண்டபங்களில். எங்கள் மண்டபத்திலும் வியாழக்கிழமை தோறும் உண்டு. டின்களை எப்போது கொண்டுவந்து தரலாம் என்று விசாரிக்க ஒரு வியாழனன்று அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். வெளியே வரிசை. அதில் எங்கள் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கும் பையன் நின்றுகொண்டிருந்தான். முதுகலை படிக்க வந்தவன். என்னைப் பார்த்ததும் செல்பேசியைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டான். அவனுக்கு இரண்டுபேர் பின்னால், கைக்குழந்தையோடு ஒரு தமிழ்ப்பெண். எங்கள் சபைதான்.

நான் உள்ளே போகவில்லை. திரும்பி வந்துவிட்டேன். போயிருக்க வேண்டுமா என்று இன்னமும் யோசிக்கிறேன்.

பிறகு கணக்குப் போட்டால் எல்லாம் புரிந்தது. மாணவர் விசாவில் இருப்பவர் பாடக்காலத்தில் வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்குமேல் வேலை செய்யக்கூடாது. அரசின் உதவித்தொகை எதற்கும் உரிமையில்லை. புகலிடம் கேட்டிருப்பவருக்கோ முடிவு வரும்வரை பொதுவாக வேலை செய்யவே அனுமதியில்லை. லண்டன் வாடகை எல்லோருக்கும் தெரியும். மாலை மூன்று மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து காணிக்கைத் தட்டில் இரண்டு பவுண்டு போடுகிறவன் வியாழனன்று பசியோடு இருக்கலாம் என்று அறுபது குடும்பத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. 'சமுதாயத்தை நோக்கிச் சபை' என்று அறிக்கையில் பெரிதாகத் தலைப்புப் போட்டிருந்தோம். சமுதாயம் எங்கள் நான்காவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

அன்றிரவு மன்றாட்டு ஜெபத்தின் வரைவைத் திறந்தேன். 'எங்களுக்குத் தந்தவற்றை இல்லாத அவர்களுக்குக் கொடுக்க' என்று நானே எழுதியிருந்தேன். 'அவர்கள்' வரும் இடங்களையெல்லாம் தேடினேன். ஏழு இடம். ஒவ்வொன்றாக 'நாம்' என்று மாற்றினேன். இந்த இரண்டு மாத வேலையில் உருப்படியாகச் செய்தது என்று எதையாவது சொல்வதானால், இந்த ஏழு திருத்தங்களைத்தான் சொல்வேன்.

ஒரு உலை

பந்தியில் யார் எங்கே உட்காருவது என்பது நம் சபைகளின் பழைய புண். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைச் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். மிஷனரிகள் அதை நிறுத்தச் சொன்னபோது எதிர்த்து எழுதியவர்களில் நாம் போற்றும் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். அவர் பாட்டை மனமுருகப் பாடும்போதே இதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே மனிதர்தான்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் நடந்தவர் ஜே. தியோபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரிப் பேராசிரியர். மாணவர்களுக்குப் 'பரட்டை அண்ணன்'. 2005இல் மறைந்தார். ஆராதனை முறைமை முழுவதையும் கிராமிய மெட்டில் பாடும்படி அமைத்தவர். தலித் மக்களின் தாளமும் பேச்சுமொழியும் பீடத்துக்கு வரவேண்டும் என்றவர். அவர் வலியுறுத்திய சொல் 'ஒரு உலை'. எல்லோர் வீட்டு அரிசியும் ஒரே உலையில் வேக வேண்டும், அதை எல்லோரும் பகிர்ந்து உண்ண வேண்டும். திருவிருந்து என்பதன் பொருள் அதுதான் என்றார். திருநெல்வேலி, தூத்துக்குடிச் சபைகளில் 'அசனம்' என்ற பெயரில் ஊரே கூடி ஒன்றாகச் சாப்பிடும் பண்டிகை இருக்கிறது. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துவைக்கும் பிடியரிசிக் காணிக்கையும் நமக்குப் பழக்கமானதே.

எனவே மூன்றாவது வரைவில் ஏலத்தை நீக்கினேன். ஏலத்தில் பணமுள்ளவர் வாங்குவார், மற்றவர் கைதட்டுவார். அதற்குப் பதில் ஒவ்வொரு வீடும், தமிழோ ஆங்கிலமோ, ஒரு பிடி அரிசி கொண்டுவர வேண்டும். காணிக்கை நேரத்தில் அதை ஒரே அண்டாவில் போட வேண்டும். அன்றைக்குச் சமைப்பதை எல்லோரும் சாப்பிடுவது. பாஸ்மதியும் சிவப்பரிசியும் கரீபியன் வீட்டு நீள அரிசியும் ஒன்றாக வேகாதே என்று மாதர் சங்கம் நியாயமாக ஆட்சேபித்தது. காணிக்கை அரிசியைக் கலந்து கஞ்சியாக வைப்பது, சாப்பாட்டுக்குத் தனியாக வாங்கிச் சமைப்பது என்று முடிவாயிற்று. கஞ்சிதான் முதல் பந்தி.

அந்த ஞாயிறு

ஒரு மணி இருபது நிமிடத்தில் முடிந்தது. எங்கள் ஐயருக்குப் பிரசங்கம் பன்னிரண்டு நிமிடம் என்று எழுதியிருந்தேன். பத்தொன்பது ஆயிற்று. அது எதிர்பார்த்ததே.

மன்றாட்டை முல்லைத்தீவு அக்காவிடம் கொடுத்திருந்தேன். நான் எழுதியதை அவர் பாதிதான் வாசித்தார். பிறகு தன் கைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, ஊர்ப்பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சொன்னார். கேப்பாப்புலவு. மயிலிட்டி. பலாலி. இன்னும் பல. அறுக்க முடியாமற்போன வயல்களின், தோட்டங்களின் ஊர்கள். மொழிபெயர்ப்பு இல்லை. தேவையும் இருக்கவில்லை. அவர் முடித்ததும் அந்த எண்பது வயது நிர்வாகிதான் முதலில் ஆமென் சொன்னார். சமாதானம் பகிரும்போது அக்காவிடம் வந்து, நான் காட்டிக்கொடுத்தபடியே, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்தார்.

கிட்டார்ப் பையன் வந்தான், வாசித்தான், கஞ்சி குடித்தான். நாங்கள் அதைப்பற்றி எதுவும் பேசிக்கொள்ளவில்லை. கைக்குழந்தைக்காரப் பெண் வரவில்லை.

இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குச் சில குறிப்புகள். திட்டமிட இரண்டு மாதமாவது வேண்டும். இரு சபையிலிருந்தும் சமமான எண்ணிக்கையில் ஆட்கள் குழுவில் இருக்கட்டும், ஒருவராவது முப்பதுக்குள் இருக்கட்டும். பாடல் வரிகளைத் திரையில் காட்டுவதற்கும் அச்சிடுவதற்கும் பதிப்புரிமை அனுமதி தேவை. ஆங்கிலச் சபைகள் பெரும்பாலும் அதற்கான உரிமத்தை வைத்திருக்கும், கேட்டால் சொல்வார்கள். பிள்ளைகளோடு தொடர்ந்து பணிசெய்யும் தொண்டர்களுக்குப் பின்னணிச் சோதனை வேண்டும். இதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளும் நம் பெரியவர்களுக்குப் பொறுமையாக விளக்க வேண்டும். உணவில் ஒவ்வாமை உண்டாக்கும் பதினான்கு பொருட்களின் பட்டியல் இங்கே உண்டு. எள்ளும் கடுகும் வேர்க்கடலையும் அதில் இருக்கின்றன, எனவே எழுதி ஒட்டிவிடுங்கள். மொழிபெயர்ப்பைக் குறையுங்கள். மௌனத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். முதல் வரைவை யாரிடம் வாசித்துக் காட்டப் பயப்படுகிறீர்களோ, அவரிடமே முதலில் வாசித்துக் காட்டுங்கள்.

இப்போது மாதம் ஒரு வியாழக்கிழமை, உணவு வங்கி நடக்கும் அதே நேரத்தில், அதே மண்டபத்தில், இரண்டு சபையும் சேர்ந்து சமைக்கிறோம். வரிசையில் நிற்பவரும் பரிமாறுபவரும் ஒரே மேசையில் உட்காருகிறோம். யார் கொடுக்க வந்தவர், யார் வாங்க வந்தவர் என்று தெரியாதபடி. முதல் மாதம் பன்னிரண்டு பேர். போன மாதம் நாற்பதுக்கு மேல். அண்டா போதவில்லை. அடுத்த கூட்டத்தில் அதுதான் முதல் பேச்சு: பெரிய அண்டா ஒன்றுக்கு யார் வீட்டில் இடமிருக்கிறது?